கரூவாவில் காயாத சட்டை

லிமாவின் குளிர்காலத்துக்கு என்ன உடுத்திப் போவது என்று எந்தப் பயணக் குறிப்பைப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான்: குளிர் மிதமானது, மெல்லிய ஜாக்கெட் போதும். எண்களும் அதையே சொல்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை இரவில் சுமார் 15 டிகிரி, பகலில் 19 வரை. பெங்களூருவின் ஜனவரி இரவு மாதிரிதானே, இதுக்குப் போய் என்ன அலட்டல் என்று தோன்றும். ஆனால் பெங்களூருவில் விடிந்து கொஞ்ச நேரத்தில் வெயில் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். லிமாவின் குளிர்காலத்தில் வெயில் அப்படி வருவதில்லை. நாள்கணக்கில் வானம் சாம்பலாகவே இருக்கும்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே 12 பாகையில் இருக்கிறது லிமா. சென்னை வடக்கே 13. கணக்குப்படி அங்கேயும் வெயில் கொளுத்த வேண்டும். கரையை ஒட்டி ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் கடலைக் குளிர வைக்கிறது. அதன்மேல் நிற்கும் காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதற்கு மேலே இருக்கும் வெப்பமான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல் அதை எழவிடாமல் அழுத்துகிறது. மேகம் உயராததால் மழையும் இல்லை. பாலைவனத்தில் கட்டிய நகரம் அது. மழைக்குப் பதில் கரூவா என்ற ஒன்று இறங்குகிறது (நம்ம ஊர் கருவாப்பட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). தூறல் என்று மொழிபெயர்த்தால் சரிவராது. தூறல் விழும், கரூவா பெரும்பாலும் காற்றிலேயே நிற்கும். தூவானம் கொஞ்சம் கிட்டே வருகிறது, ஆனால் தூவானத்துக்குப் பின்னால் ஒரு மழை இருந்தாக வேண்டுமே. இதற்குக் குடை பிடித்தும் பெரிய பிரயோசனமில்லை. துவைத்த துணி இரண்டு மூன்று நாள் ஆனாலும் காயாது. பருத்தி ஈரத்தை வாங்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கினாலும் நனைந்த மாதிரி தெரியாது. ஆகவே லிமாவுக்கு ஏற்ற உடை தடித்த கோட்டு அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய கம்பளி. அங்கே ஸ்வெட்டருக்கு 'சோம்பா' என்று பெயர். ஆங்கில 'ஜம்பர்' ஸ்பானிய வாயில் அப்படி ஆகியிருக்கிறது.

இந்தத் துணிக்கணக்கு இலக்கிய விமர்சனத்தில் எதற்கு? காரணம் இருக்கிறது. லத்தீன் அமெரிக்க நாவல்களைப் பற்றி நம்மிடையே எழுதப்படும் குறிப்புகளில் மூடுபனி வந்தாலே அது குறியீடாகிவிடுகிறது. மனச்சோர்வு, வரலாற்றின் தெளிவின்மை, சர்வாதிகாரம், இப்படி ஏதாவது ஒன்று. பனிமூட்டம் முதலில் ஈரம் என்பதும், அந்த ஈரத்தில் யாரிடம் காய்ந்த மாற்றுத்துணி இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதும் விட்டுப்போகிறது. கோகோலின் 'மேல்கோட்டு' கதையில் இந்தப் பிரச்சினை வராது. பீட்டர்ஸ்பர்க் குளிர் ஆளைக் கொல்லும், கோட்டு போனால் அக்காக்கியும் போவான், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லிமாவின் குளிர் அப்படிக் கொல்வதில்லை. அதனாலேயே கோட்டு இல்லாதவனின் கஷ்டம் அங்கே ஒரு கஷ்டமாகவே கணக்கில் வருவதில்லை.

மரியோ வர்கஸ் யோசாவின் 'கதீட்ரலில் ஓர் உரையாடல்' (1969) நாவலின் முதல் பத்தியில், பெரு எந்தக் கட்டத்தில் நாசமாகப் போனது என்று சந்தியாகோ தன்னையே கேட்டுக்கொள்கிறான். ஊர் உலகம் பூராவும் அந்தக் கேள்வியை மேற்கோள் காட்டுகிறது. அதே இடத்தில் நண்பகல் சாம்பலாக இருப்பதையும் தெருவில் மூட்டம் மிதப்பதையும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு வகையில் அதுவும் நியாயம்தான். சந்தியாகோவுக்கு அந்த மூட்டம் கண்ணில் மட்டுமே படுகிறது. பத்திரிகை அலுவலக வாசலில் நின்று பார்க்கிறவனின் மூட்டம் அது. நல்ல குடும்பத்துப் பிள்ளை. என்னதான் வீட்டை உதறிவிட்டு வந்தாலும் அவன் சட்டை காய்ந்துதான் இருக்கிறது. குறியீட்டு வாசிப்பு இங்கே கொஞ்சம் எடுபடுவது இதனால்தான். அதற்கு முன் அவர் எழுதிய 'நகரமும் நாய்களும்' (1963) என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் இன்னும் நேர்மையான நாவல். கடலைப் பார்த்தபடி நிற்கும் ராணுவப் பள்ளியில் மூட்டம் பையன்களின் உடம்புக்குள் போகிறது. 'அடிமை' என்று எல்லோரும் கூப்பிடும் அரானாவின் மேலங்கி திருடு போகிறது. அதற்கு ஈடாக இன்னொருவனுடையதைத் திருடித்தான் ஆக வேண்டும். அந்தப் பள்ளியின் ஒழுங்கு முழுவதும் அந்த ஒரு உடுப்பில் அடங்கிவிடுகிறது.

மெல்விலுக்கு வருகிறேன். 'மோபி டிக்' (1851) நாவலில் திமிங்கிலத்தின் வெண்மை பற்றிய அத்தியாயத்தில் லிமா திடீரென்று வருகிறது. நிலநடுக்கங்களோ மழை காணாத வானமோ அல்ல, வெள்ளை முக்காடு போட்டிருப்பதுதான் அந்த நகரத்தை இவ்வளவு சோகமாக்குகிறது என்பது அங்கே அவர் வாதம். குறியீட்டுப் பிரியர்களுக்குக் கொண்டாட்டமான இடம். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பு, 1850இல், அவர் 'ஒயிட் ஜாக்கெட்' என்ற நாவலை எழுதியிருந்தார். அது ஆரம்பிப்பது லிமாவின் துறைமுகமான கயாவோவில். போர்க்கப்பல் ஹார்ன் முனையைச் சுற்றி ஊர் திரும்ப வேண்டும், கதைசொல்லிக்கோ கப்பலில் கோட்டு கிடைக்கவில்லை. ஒரு வெள்ளைத் துணிச் சட்டையை வெட்டி, பழைய காலுறை, கால்சட்டைத் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் உள்ளே திணித்துத் தானே ஒன்றைத் தைத்துக்கொள்கிறான். ஈரம் புகாமல் இருக்க அதற்குப் பெயிண்ட் பூச வேண்டும். பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்று கைவிரித்துவிடுகிறார்கள். விளைவு, அந்த ஜாக்கெட் ஒரு பஞ்சு. ஈரமான நாட்களில் சக மாலுமிகள் இவன்மேல் சாய்ந்து நின்று தங்களைக் காய வைத்துக்கொள்கிறார்கள்! சிரிப்பு வரும் இடம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒருவனின் மோசமான உடை மற்றவர்களுக்கு வசதியாகிற ஏற்பாடு ஒரு போர்க்கப்பலின் வர்க்க அமைப்பைப் பற்றி நிறையச் சொல்கிறது. கடைசியில் பாய்மரத்தின் உயரத்திலிருந்து அவன் கடலில் விழும்போது, நனைந்த ஜாக்கெட்டைக் கத்தியால் கிழித்து வெளியே வந்தால்தான் பிழைக்க முடிகிறது.

ஜாக்கெட்டும் வெள்ளை, முக்காடும் வெள்ளை. மெல்வில் 1843-44இல் கடற்படை மாலுமியாக அந்தத் துறைமுகத்தில் இருந்தவர். முக்காடு பற்றிய தத்துவம் எழுதப்படுவதற்கு முன்பே நனைந்த துணியின் கனம் எழுதப்பட்டுவிட்டது. இந்த இரண்டு நூல்களையும் நான் இந்த வரிசையில்தான் படிக்கச் சொல்வேன்.

முக்காடு என்றதும் லிமாவின் பழைய பெண்கள் உடையைச் சொல்லாமல் போக முடியாது. 'சாயா' என்ற பாவாடை, தலையையும் முகத்தையும் மூடி ஒற்றைக் கண் மட்டும் தெரியும் 'மாந்தோ' என்ற போர்வை. மூடுபனிக்காக வந்த உடை கிடையாது. ஆனால் அது செய்த வேலை மூடுபனியின் வேலை: தெருவில் புருஷனுக்கே பெண்டாட்டியை அடையாளம் தெரியாது. அந்தச் சுதந்திரத்தைப் பார்த்து 1830களில் அங்கே போன ஃப்ளோரா திரிஸ்தான் வியந்து எழுதினார். பின்னாளில் அது காலனிக்கால ஏக்கத்தின் அஞ்சலட்டைப் படமாகிவிட்டது. அந்த ஏக்கத்தைத்தான் செபாஸ்தியன் சலசார் போந்தி 'லிமா எனும் கொடூரம்' (1964) நூலில் போட்டு உடைத்தார். தலைப்பு கவிஞர் சேசர் மோரோவிடமிருந்து எடுத்தது. கவனியுங்கள், மோரோ அந்தச் சொல்லை எழுதியது ஜூலையா ஆகஸ்டா என்ற தயக்கத்தோடு தேதியிட்ட ஒரு கவிதையின் அடியில். நடுக் குளிர்காலம்.

ஆனாலும் இந்த ஊரின் ஈரத்தை இவர்கள் எல்லோரையும்விடச் சரியாக எழுதியவர் ஹூலியோ ரமோன் ரிபெய்ரோ என்பது என் கட்சி. 'சிறகில்லாப் பிணந்தின்னிக் கழுகுகள்' (1955) கதை காலை ஆறு மணிக்கு மெல்லிய மூட்டத்தில் தொடங்குகிறது. எஃப்ராயின், என்ரிகே என்று இரண்டு சிறுவர்கள். தாத்தா வளர்க்கும் பன்றிக்குத் தீனி தேடிக் குப்பை பொறுக்க அந்த நேரத்தில் கிளம்புகிறார்கள். முதல் பத்தியில் அந்த மூட்டம் அழகாகத்தான் இருக்கிறது. ரிபெய்ரோ வாசகனை அந்த அழகில் நிற்கவிட்டுவிட்டு, பையன்களை அதற்குள் நடக்கவிடுகிறார். எஃப்ராயின் பாதத்தைக் குப்பைமேட்டில் கண்ணாடி கிழிக்கிறது, புண் சீழ் வைக்கிறது, அவனால் நடக்க முடிவதில்லை. இரண்டு பேர் வேலையையும் என்ரிகே ஒருவனே செய்கிறான். ஒரு விடியலில் அவனுக்கும் தடுமன் பிடித்துவிடுகிறது. தும்முகிறான். கிழவருக்கு அது கேட்கிறது. அவர் ஒன்றும் சொல்வதில்லை.

உடையைப் பற்றிய கதையே இல்லை இது. ஆனால் அந்தத் தும்மலில் 15 டிகிரி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. அவனைக் கொல்கிற அளவுக்குக் குளிர் இல்லை. அடுத்த நாளும் வாளியைக் கொடுத்து அனுப்பலாம் என்கிற அளவுக்குத்தான் இருக்கிறது.