வாசகரின் வயதும் புனைவின் இடமும்

வயது ஏற ஏறப் புனைகதையை விட்டு விலகி, வரலாறு, சமய விளக்கம், வாழ்க்கைச் சரிதம் என்று நகர்வதை வாசகரின் முதிர்ச்சியாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. “கதை படிப்பதெல்லாம் கல்லூரிக் காலத்தோடு போயிற்று” என்று பலர் சற்றுப் பெருமிதத்துடனேயே சொல்லக் கேட்கிறோம். மாற்றம் மெய்யானதே. அதற்கு நாம் இடும் பெயர்தான் ஐயத்துக்குரியது.

இருபது வயதில் நாவலைக் கையிலெடுப்பவர் தாம் இன்னும் வாழாத வாழ்வை அதில் தேடுகிறார். ஐம்பதை எட்டியவருக்கோ பிரிவும் இழப்பும் கடனும் பழகியவை. ஏன் இப்படி நேர்ந்தது என்ற கேள்வியே அவரிடம் எஞ்சுகிறது. அதற்கு விடை தரும் நூல்களை அவர் நாடுவதில் குறைகாண ஏதுமில்லை.

ஆயினும் இது அனைவருக்கும் பொதுவான பாதை அன்று. சார்லஸ் டார்வின் 1876இல் எழுதத் தொடங்கிய தன்வரலாற்றில், இளமையில் உவந்த ஷேக்ஸ்பியரும் கவிதையும் பின்னாளில் தமக்குச் சகிக்க முடியாதவை ஆனதை எண்ணி வருந்துகிறார். நாவல்களை மட்டும் அவர் விடவில்லை. பிறர் வாசிக்கக் கேட்டு மகிழ்ந்தார். (துன்ப முடிவு கூடாது என்பது அவருடைய நிபந்தனை!) உண்மைகளைத் திரட்டுவதிலேயே காலம் கழித்தவரின் வெறும் ஓய்வு அது என்று சிலர் தள்ளிவிடலாம்.

நம் மொழியில் இதனினும் கனமான சான்று உண்டு. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிச் சமூகத்தின் கல்விக்காக வாதாடியவர். 1838இல் பிறந்த அவர், ‘அசன்பே சரித்திரம்’ என்று அறியப்படும் நாவலை 1885இல், அதாவது இதழ்ப்பணியின் நடுவே, 47 வயதளவில் வெளியிட்டார். வாதத்தால் எட்ட முடியாத வாசகர்களும் இருப்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே கொள்கிறோம்.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) இரு வயதிலும் படிக்கத்தக்கது. இளைஞர் அதில் செருக்குமிக்க முதலாளியின் சரிவைக் காண்பார். தம் மக்களைப் படிக்க வைத்து முடித்தவரோ, ஊருக்குள் வரும் ஆங்கிலப் பள்ளியை அந்த மனிதர் ஏன் அவ்வளவு அஞ்சுகிறார் என்ற இடத்தில் நின்றுவிடுவார். நூல் ஒன்றே; அவர் கேட்கும் கேள்வி வேறாகியிருக்கிறது.

நம்மைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. நூலகங்களுக்கு நூல் தேர்வு செய்வோர் பெரும்பாலும் கதையைக் கைவிட்ட வயதினராகவே இருக்கின்றனர். அவர்களுடைய இன்றைய சுவையே அலமாரியின் அளவுகோலானால் இளையோர் இழப்பது பொழுதுபோக்கை மட்டுமன்று. ஊர் வரலாறுகள் வணிகரையும் கொடையாளரையும் பள்ளிவாசல் கட்டியவரையும் பேணி எழுதியிருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அறிய நாம் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) போன்ற ஒரு நாவலிடம்தான் செல்ல வேண்டியிருக்கிறது.