நாற்றங்கால் ஊர்கள்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், வடமேற்கு மூலையில், மேரிவில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் நிலம். ஊரில் சுமார் 10,000 பேர். அங்குள்ள நார்த்வெஸ்ட் மிசூரி ஸ்டேட் பல்கலைக்கழகம் 2017, 2019, 2021, 2022 என நான்கு முறை ஆண்கள் கூடைப்பந்தில் இரண்டாம் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றது. 2019-இல் ஆடிய 38 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நான்கு பட்டங்களுக்கும் பயிற்சியாளர் ஒருவரே: பென் மெக்காலம்.

2024-இல் அவர் முதல் பிரிவில் ஆடும் டிரேக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மேரிவில் வீரர்கள் நான்கு பேர் அவரோடு கிளம்பினார்கள். அந்தப் பருவத்தில் டிரேக் 31 ஆட்டங்களில் வென்று நான்கில் மட்டுமே தோற்றது. மிசூரி வேலி லீகின் சிறந்த வீரர் விருது பென்னட் ஸ்டர்ட்ஸுக்குக் கிடைத்தது. அவர் கல்லூரி ஆட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளையும் மேரிவில்லில் கழித்தவர். 2025-இல் மெக்காலத்தை அயோவா பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. ஸ்டர்ட்ஸும் அங்கே போனார். மூன்று பருவங்களில் மூன்று சீருடை.

நெல் விளையும் நாட்டில் பிறந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் வளர்ந்ததைப் பறித்து வயலில் நடுவது இயல்பு. பறிக்காமல் விட்டால் பயிர் நெருங்கி, முற்றி, வீணாகும். ஆனால் அடுத்தவர் நாற்றங்காலில் இருந்து எடுத்தால் கட்டுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துவிட்டுத்தான் எடுப்போம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இன்று நாற்று மட்டும் போகிறது, காசு வருவதில்லை. கதவைத் திறந்துவிட்டது நியாயம், வளர்த்தவருக்குச் சேர வேண்டியதை யோசிக்காமல் திறந்தது குறை என்பதே என் கருத்து.

பூட்டு இருந்த காலம்

இன்றைய நிலையைக் குறை சொல்பவர்கள் முதலில் பழைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 வரை, வேறு கல்லூரிக்குப் போக விரும்பும் வீரர் தன் கல்லூரியிடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் புதிய கல்லூரியின் உதவித்தொகையோடு சேர வழியில்லை. கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து போன்ற ஆட்டங்களில், அனுமதி கிடைத்து மாறினாலும் பெரும்பாலும் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும்.

2017-இல் கான்சஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன் ஊரில் நடந்ததைச் சொன்னால் பூட்டின் கனம் புரியும். கான்சஸ் ஸ்டேட் அணியின் கோரி சட்டன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 35 கல்லூரிகளின் பெயர்களை எழுதிக் கொடுத்து, இவற்றில் ஒன்றுக்குப் போக விடுங்கள் என்று கேட்டார். 35-க்கும் மறுப்பு. விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகே பயிற்சியாளர் பில் ஸ்னைடர் இறங்கி வந்தார். சட்டன் அப்பலேச்சியன் ஸ்டேட் கல்லூரிக்குப் போனார். சிற்றூர் என்றாலே பாதிக்கப்பட்ட தரப்பு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சாவி கையில் இருந்தபோது சிற்றூர்க் கல்லூரிகளும் பூட்டத்தான் செய்தன.

அதே காலத்தில் பயிற்சியாளர்கள் மட்டும் விரும்பியபோது விரும்பிய இடத்துக்குப் போனார்கள். யாரை நம்பி ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை கையெழுத்துப் போட்டதோ, அவரே அடுத்த ஆண்டு அங்கே இருக்கமாட்டார். பிள்ளை மட்டும் இருந்தாக வேண்டும். இந்த அநீதிக்கு எந்த ஊர்ப்பற்றும் சமாதானம் ஆகாது.

கதவு திறந்த கதை

2018 அக்டோபரில் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்ற இணையப் பதிவேட்டைத் தொடங்கியது. வீரர் தன் பெயரைப் பதியச் சொன்னால் கல்லூரி பதிந்தே ஆக வேண்டும். பதிந்தபின் எந்தக் கல்லூரியும் அவரோடு பேசலாம். 2021-இல், முதல்முறை மாறுபவர் ஓராண்டு உட்கார வேண்டாம் என்றாயிற்று. அதே ஆண்டு ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கவும் அனுமதி கிடைத்தது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், பலமுறை மாறுபவர்களைத் தடுக்கும் விதிக்கும் இடைக்காலத் தடை போட்டது. 2024 முதல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். 2025 ஜூனில், வீரர்கள் தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்ததும், கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கின. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

ஏழு ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். டால்டன் கனெக்ட் என்ற கூடைப்பந்து வீரர் கொலராடோவின் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் ஈராண்டுக் கல்லூரியில் தொடங்கினார், கிரீலியில் உள்ள நார்தர்ன் கொலராடோவுக்குப் போனார், அங்கிருந்து டென்னசிக்கு. 2024-இல் எஸ்.இ.சி. லீகின் சிறந்த வீரராகி, அதே ஆண்டு தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் வீரர் தேர்வில் 17-ஆவதாக எடுக்கப்பட்டார். பள்ளி வயதில் யார் கண்ணிலும் படாதவர்களுக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை தேர்வு எழுதும் வாய்ப்பை இந்தக் கதவு கொடுக்கிறது.

சிற்றூர்களுக்கும் இதில் வரவு உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் புல்மன் சிற்றூரில் உள்ள வாஷிங்டன் ஸ்டேட், அமெரிக்கக் கால்பந்து வீரர் கேம் வார்டைத் தன்னைவிடச் சிறிய இன்கார்னேட் வேர்ட் கல்லூரியிலிருந்துதான் பெற்றது. இரண்டு பருவம் ஆடியபின் அவரை மயாமியிடம் இழந்தது. தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்லின் 2025 வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் அவரே. வர்ஜீனியாவின் ஹாரிசன்பர்க்கில் உள்ள ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம், 2023 முடிவில் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டியையும் அவரோடு 13 வீரர்களையும் இண்டியானாவிடம் இழந்தது. இரண்டே ஆண்டுகளில் புதிய அணியைக் கட்டி 2025-இல் தேசிய பிளேஆஃபுக்கே போய்ச் சேர்ந்தது. எடுப்பவரே கொடுப்பவராகவும் இருக்கும் சந்தை இது.

செலவு யார் தலையில்?

ஆனால் அந்த ஜேம்ஸ் மேடிசன் கதையின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். பிளேஆஃபில் கால் வைக்கும் முன்பே அடுத்த பயிற்சியாளர் பாப் செஸ்னியையும் யு.சி.எல்.ஏ. ஒப்பந்தம் செய்துவிட்டது. சிறிய கல்லூரிக்கு வெற்றியே வினையாகிறது. தோற்றால் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வென்றால் வெற்றிக்குக் காரணமானவர்கள் எல்லோரும் போய்விடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் விதைத்து, ஒவ்வோர் ஆண்டும் வெறும் நிலத்தைப் பார்ப்பதைப் போன்றது இது.

ஒரு வீரரை ஆளாக்குவது மலிவான வேலையல்ல. உடல் பலம் ஏற்ற வேண்டும், ஆட்டத்தைப் படிக்கக் கற்றுத்தர வேண்டும், தவறு செய்ய இடம் கொடுக்க வேண்டும். பெரிய கல்லூரி ஒரு பத்தொன்பது வயது வீரரின் தவறுகளுக்காகத் தோல்வியைத் தாங்காது. சிறிய கல்லூரி தாங்குகிறது. தாங்கி முடித்த ஆண்டில்தான் வீரர் போகிறார். இதைச் சட்டம் ஒரு தொழிலாகவே ஒப்புக்கொண்டிருந்தால் இந்த உழைப்புக்கு ஒரு விலை இருந்திருக்கும்.

பயிற்சியாளர் விஷயத்தில் அந்த விலை இருக்கிறது. ஒப்பந்தம் முடியும் முன் பயிற்சியாளர் விலகினால் பழைய கல்லூரிக்கு இழப்பீடு உண்டு. பெரும்பாலும் புதிய கல்லூரியே அதைக் கட்டிவிடும். அவர் பின்னாலேயே போகும் வீரர்களுக்கு எதுவும் கிடையாது. ஒரே வண்டியில் போகும் பயணிகளில் ஒருவருக்கு மட்டும் கட்டணம் வசூலிப்பது போல இருக்கிறது இந்த ஏற்பாடு.

வீரருக்கும் செலவு உண்டு. அது உடனே தெரிவதில்லை. போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டால், பழைய கல்லூரி அந்தப் பருவம் முடிந்ததும் உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளலாம். புதிய இடம் அமையும் என்ற உறுதி இல்லை. ஆடவர் கூடைப்பந்தின் முதல் பிரிவில் அணிகள் 360-க்குச் சற்று மேல். பெயர் கொடுக்கும் எல்லோருக்கும் மேலே ஏற இடம் இருக்காது. படிப்பிலும் சிக்கல். ஒரு கல்லூரியில் முடித்த பாடங்களில் எவை தன் பட்டத்துக்குச் செல்லும் என்பதை அடுத்த கல்லூரிதான் முடிவு செய்யும். மூன்று இடங்களில் ஆடியவர், பட்டத்துக்கு அருகில் வராமலேயே ஆட்ட ஆண்டுகளை முடித்துவிடும் ஆபத்து உண்டு. என்.பி.ஏ.வுக்கோ என்.எஃப்.எல்லுக்கோ போகாத பெரும்பான்மைக்கு அந்தப் பட்டம்தான் மிச்சம்.

விசுவாசம் என்ற நினைவு

விசுவாசம் என்ற பேச்சு வந்தாலே கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டீபன் கறியின் பெயரும் வந்துவிடும். வட கரோலினாவின் டேவிட்சன் என்ற சின்ன ஊர். ஊரின் பெயரிலேயே ஒரு சின்னக் கல்லூரி. பெரிய கல்லூரிகள் உதவித்தொகை தர முன்வராத பையனை அது சேர்த்துக்கொண்டது. 2008-இல் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்து, கான்சஸிடம் 59-க்கு 57 என்று தோற்றது. அதன்பின்னும் கறி ஓராண்டு அங்கேயே ஆடினார். இன்றைய விதிகளில் அவர் இருந்திருப்பாரா என்று கேட்டுப் பெருமூச்சு விடுபவர்கள் பலர்.

அந்தப் பெருமூச்சில் ஒரு பிழை இருக்கிறது. அன்று வேறு கல்லூரிக்குப் போனால் ஓராண்டு ஆட முடியாது. போகாமல் இருந்ததில் எவ்வளவு பற்று, எவ்வளவு பூட்டு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கறியின் பற்று உண்மையானது என்பதற்கு வேறு சான்று இருக்கிறது. பட்டம் பெற்றால்தான் ஒருவரின் சீருடை எண்ணைக் கௌரவித்து ஓய்வு கொடுப்போம் என்பது டேவிட்சனின் விதி. உலகப் புகழுக்குப் பிறகும் கல்லூரி அதைத் தளர்த்தவில்லை. 2022-இல் அவர் விட்ட பாடங்களை முடித்துப் பட்டம் வாங்கினார். அதன்பிறகே அந்த மரியாதை வந்தது. எந்த விதியும் கட்டாயப்படுத்தாத இடத்தில் திரும்பி வருவதுதான் பற்று.

பூட்டு இல்லாத இந்தக் காலத்திலும் தங்குபவர்கள் இருக்கிறார்கள். மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரத்தில் பிறந்த டாமி மெலட், அதே மாநிலத்தின் மொன்டானா ஸ்டேட்டில் சேர்ந்து, கடைசிவரை அங்கேயே ஆடினார். 2024-இல், அமெரிக்கக் கால்பந்தில் அந்தக் கல்லூரி ஆடும் எஃப்.சி.எஸ். பிரிவின் உயர்ந்த விருதான வால்டர் பேட்டன் விருதைப் பெற்று, 2025-இல் என்.எஃப்.எல். தேர்விலும் இடம்பிடித்தார். தங்கினால் முன்னேற்றம் இல்லை என்ற பேச்சுக்கு அவர் ஒரு பதில்.

பெயர் தெரியாத வீரர்கள்

நட்சத்திரங்களைப் பற்றியே பேசினால் சிற்றூர்களின் பெரிய சிக்கல் மறைந்துபோகும். மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. அங்கே சிறிய தனியார் கல்லூரிக்கு, விளையாட வருபவர் முதலில் கட்டணம் கட்டும் மாணவர். மிச்சிகனின் ஏட்ரியன் கல்லூரி, 2005-இல் ஜெஃப்ரி டாக்கிங் தலைவரானபின், புதுப்புது விளையாட்டு அணிகளைத் தொடங்கி மாணவர் எண்ணிக்கையைப் பெருக்கியது. பல கல்லூரிகள் அந்த வழியைப் பின்பற்றின. பிள்ளைகள் குறைந்துவரும் உள்நாட்டுப் பகுதிகளில் இது கல்லூரிகளுக்கு உயிர்மூச்சாக இருந்தது. அத்தகைய சிற்றூர்க் கல்லூரிகள் மூடப்பட்டதும் உண்டு. அயோவாவின் மவுண்ட் பிளசன்ட் சிற்றூரில் 1842-இல் தொடங்கிய அயோவா வெஸ்லியன் 2023-இல் மூடப்பட்டது. கல்லூரி போனால் அத்தகைய ஊரில் வேலையும் வாடகையும் சனிக்கிழமை ஆட்டக் கூட்டமும் சேர்ந்து போகும்.

ஆனால் இந்த வழியிலும் ஒரு நேர்மைக்குறைவு ஒளிந்திருக்கிறது. களத்தில் பதினொரு பேர் ஆடும் ஆட்டத்துக்கு நூறு பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டால், பெரும்பாலோர் ஆட்ட நாளில் களத்தைத் தொடப்போவதில்லை என்பது சேர்க்கும்போதே தெரியும். கடன் வாங்கிச் சேர்ந்த பிள்ளை அதை முதல் பருவத்திலேயே புரிந்துகொண்டு ஊருக்குத் திரும்புகிறான். அவனைப் போர்ட்டல் இழுத்துப் போகவில்லை. நிறைவேற்ற எண்ணாத ஆசை வார்த்தைதான் அனுப்பிவைத்தது. வீரர்கள் தங்குவதில்லை என்று வருந்தும் கல்லூரி முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

நாற்றுக்கு விலை

இனி என்ன செய்யலாம்? கதவை மறுபடி பூட்டச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீதிமன்றமும் அதை ஏற்காது, நியாயமும் ஏற்காது. உலகக் கால்பந்து இதே சிக்கலை முன்பே சந்தித்து ஒரு வழி கண்டிருக்கிறது. 1995-இல் போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய வீரர்களைப் பழைய கிளப்பின் பிடியிலிருந்து விடுவித்தது. 2001-இல் ஃபிஃபா, இளவயதில் பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்கு இழப்பீடு தரும் விதிகளைக் கொண்டுவந்தது. பின்னாளில் வீரர் பெருந்தொகைக்கு விற்கப்பட்டாலும் அதில் 5 விழுக்காடு அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிந்து போகும். வீரர் சுதந்திரமாகப் போகிறார். வளர்த்த ஊரும் வெறுங்கையோடு நிற்பதில்லை.

கல்லூரி விளையாட்டில் விற்பனைத் தொகை இல்லை. ஆனால் இப்போது ஊதிய ஒப்பந்தம் இருக்கிறது. பெரிய கல்லூரி ஒரு வீரருக்குக் கொடுக்கும் தொகைக்கு மேலே ஒரு சிறு பங்கைத் தன் கையிலிருந்து போட்டு, அவர் ஆடிவந்த கல்லூரிகளுக்குக் கட்டலாம். இதில் ஒன்றில் கண்டிப்பு வேண்டும்: அந்தச் சுமை வீரரின் தலையில் விழக்கூடாது. இப்போது சில கல்லூரிகள் விலகல் இழப்பீட்டை வீரரின் ஒப்பந்தத்திலேயே எழுதத் தொடங்கியிருக்கின்றன. அது பழைய பூட்டைப் புதிய கம்பியால் செய்வது. தொகை பெரிதானாலும் ஆபத்து. வாங்கும் கல்லூரி பின்வாங்கினால் வீரர் நடுவில் நிற்பார். சிறிதாக, முன்கூட்டியே தெரிந்ததாக, வாங்குபவர் மட்டும் கட்டுவதாக இருக்க வேண்டும். கிடைத்த பணம் அடுத்து வரும் வீரர்களின் படிப்புக்கும் பயிற்சிக்கும் போக வேண்டும்.

மிச்சம் அந்தந்த ஊரின் கையில் இருக்கிறது. ஆடப்போகும் அளவுக்கே ஆள் சேர்ப்பது, விட்டுப்போனவரும் திரும்பி வந்து பட்டத்தை முடிக்க இடம் வைத்திருப்பது, சொன்ன சொல்லைக் காப்பது. இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. இவை இருந்தாலும் எல்லோரும் தங்கிவிட மாட்டார்கள். தங்கவும் வேண்டாம்; திறமைக்கு ஏற்ற வயலுக்குப் போவது நாற்றின் உரிமை. நாற்றங்காலுக்கு உரியது, அடுத்த பட்டத்துக்கு விதையும் நீரும். மேரிவில்லுக்கு அதையாவது யாராவது கொடுத்திருக்க வேண்டும்.