எல்லையில் நின்றுவிடும் கணக்கு

வாளையார் சோதனைச்சாவடி அருகே சிறிது நேரம் நின்றால் போதும். ஜல்லியும், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலும் ஏற்றிய டிப்பர் லாரிகள் தமிழ்நாட்டிலிருந்து பாலக்காட்டுக்குள் போவதைப் பார்க்கலாம். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகவும் போகின்றன. தெற்கே கம்பம்மெட்டும் குமுளியும் இடுக்கிக்கு வழிவிடுகின்றன. கல் எல்லை தாண்டிப் போய்விடுகிறது. அதை உடைத்த இடத்தின் தூசியும் வற்றிய கிணறும் இந்தப் பக்கமே தங்கிவிடுகின்றன. 'நீடித்த சுரங்கத் தொழில்' என்று அரசும் ஆலைகளும் இன்று சொல்வதை எடைபோட இந்த எல்லையோரம்தான் சரியான இடம்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். முன்பெல்லாம் சுரங்கம் என்றால் தோண்டு, எடு, போ என்பதுதான் நடைமுறை. இன்று சுரங்கத் திட்டம் இல்லாமல் குத்தகை செல்லாது. தோண்டி முடித்த குழியை என்ன செய்வது என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பெருங்கனிமங்களுக்கு அதற்கான நிதி உறுதியும் கட்ட வேண்டும். 2015இல் வந்த சட்டத் திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளையை உருவாக்கியது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊருக்குச் சுரங்க வருமானத்தில் பங்கு உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டது சிறிய செய்தி அல்ல. 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகள் நட்சத்திரத் தரவரிசையையும் கொண்டுவந்தன. நிலத்தைச் சீரமைப்பது, மரம் நடுவது, அக்கம்பக்க மக்களுக்குச் செய்வது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. சுரங்கம் தனக்குத் தானே போட்டு அனுப்பும் மதிப்பெண்ணை இந்தியச் சுரங்கப் பணியகம் பிறகு சரிபார்க்கிறது. அதுகூடப் பரவாயில்லை. அந்த விதிகள் சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமங்களுக்கு மட்டுமே பொருந்தும். கோவை அருகே மதுக்கரை சிமென்ட் ஆலை 1934 முதலும், பாலக்காட்டுப் பக்கம் கேரள அரசின் மலபார் சிமென்ட்ஸ் 1984 முதலும் இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பி நடந்தவை. அவற்றின் சுரங்கங்கள் இந்த விதிகளுக்குள் வரும். ஆனால் எல்லையோர மக்களின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கருங்கல் குவாரி. அது சட்டத்தின் கண்ணில் 'சிறு கனிமம்', மாநில அரசின் பொறுப்பு. மலையையே விழுங்கும் தொழிலுக்குச் சிறு கனிமம் என்று பெயர் வைத்ததிலிருந்தே கவனம் பிசகிவிட்டது.

இரண்டு மாநிலங்களும் அந்தப் பொறுப்பை எப்படி நடத்துகின்றன? தமிழ்நாட்டு விதிப்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரிக்கு இடமில்லை. கேரளத்தில் 50 மீட்டர் போதும் என்றிருந்தது. வெடி வைக்கும் குவாரிகளுக்கு அதை 200 மீட்டராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020இல் உயர்த்தியபோது, வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் ஏறியது. வெடியின் அதிர்வுக்கு மலையாளமும் தமிழும் தெரியாது. ஒரே பாறைத் தொடரில் ஒரு வீட்டுச் சுவருக்கு 300 மீட்டர் காப்பு, அடுத்த வீட்டுக்கு 50 என்றால் அது எந்த அறிவியல்? தமிழ்நாட்டையும் மெச்ச முடியவில்லை. காப்புக்காடுகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் விதி செய்த அரசு, 2022 டிசம்பரில் காப்புக்காடுகளை அதிலிருந்து எடுத்துவிட்டது. வாளையார் காட்டு யானை நடமாடும் நிலம் இரு மாநிலத்திலும் படர்ந்திருக்கிறது என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெரிய ஓட்டை இன்னொன்று. 5 ஹெக்டேருக்குக் குறைவான குத்தகைகளும் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் 2012இல் சொன்னது. பெரிய பரப்பைத் துண்டுபோட்டு அனுமதியிலிருந்து நழுவிய தந்திரத்தை அது நிறுத்தியது. நல்ல தீர்ப்பு. மாநில எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வரும் திட்டங்களை மாநிலமே ஆராயக் கூடாது, மத்திய அரசு ஆராய வேண்டும் என்ற பொது நிபந்தனையும் ஏற்கெனவே இருந்தது. அதுவும் நல்ல விதி. ஆனால் மத்திய அரசின் 2016 ஜனவரி அறிவிக்கை, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தேவைப்படாத, 25 ஹெக்டேர் வரையிலான 'பி2' வகைச் சிறு கனிமக் குத்தகைகளுக்கு இந்தப் பொது நிபந்தனையிலிருந்து விலக்கு கொடுத்தது. இரண்டு மாநிலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடத்தில், சேர்த்துப் பார்க்கும் கடமையே எடுபட்டுப் போனது. கேரளம் தன் குவாரியைக் கட்டுப்படுத்தினால் தேவை குறைவதில்லை; கோவை மாவட்டத்தின் கிணத்துக்கடவுப் பக்கத்துப் பாறைக்கு நகர்கிறது. ஆற்று மணலிலும் இதையே பார்த்தோம். பாரதப்புழையைச் சுரண்டியது தாங்காமல் கேரளம் 2001இல் ஆற்றுமணல் சட்டம் கொண்டுவந்தது. ஆற்றுக்குக் கிடைத்த மூச்சுக்கு மலை விலை கொடுத்தது, எம்-சாண்ட் வந்தது.

இடுக்கியில் கதை வேறு. மத்திய அரசு அமைத்த மாதவ் காட்கில் குழு 2011இலும், கஸ்தூரிரங்கன் குழு 2013இலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உணர்திறன் மிக்க பகுதிகளில் சுரங்கமும் குவாரியும் நிறுத்தப்பட வேண்டும் என்றன. அந்தப் பரிந்துரை சரி என்றே நினைக்கிறேன். ஆனால் உடும்பன்சோலையின் ஏலத்தோட்டக்காரரும், பட்டாவுக்காகக் காத்திருந்த குடியேறிய விவசாயியும் அதைத் தங்கள் வீட்டையும் நிலத்தையும் பறிக்க வந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். 2013இல் மலை முழுதும் போராட்டம். அவர்கள் அச்சத்தில் நியாயம் இருந்தது. யாரும் அவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து விளக்கவில்லை. விவசாயிக்குக் குடியிருப்பு உறுதியைத் தனியே முதலில் கொடுத்துவிட்டுக் குவாரித் தடையைப் பேசியிருந்தால், அந்த மக்களே தடைக்குக் காவலாக நின்றிருப்பார்கள். நிலத்தடி நீர் ஆய்வுகள் அபாயப் பட்டியலில் வைத்த பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத்துக் கிணற்றுக்காரர்களுக்கும் இதே பேச்சு தேவைப்படுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது: குத்தகை வேலிக்குள் இன்றைய ஏற்பாடு ஓரளவு முன்னேறியிருக்கிறது, வேலிக்கு வெளியே அது பார்ப்பதே இல்லை. 2016இல் கொடுத்த விலக்கு எல்லையோரக் குவாரிகளுக்கு நீக்கப்பட வேண்டும். குடியிருப்பிலிருந்து குவாரி விலகியிருக்க வேண்டிய தூரம் இரு மாநிலத்திலும் ஒன்றாக வேண்டும். பாலக்காடும் கோவையும், இடுக்கியும் தேனியும், குவாரி அனுமதிக்கு அடிப்படையான மாவட்டக் கனிம ஆய்வறிக்கையைத் தனித்தனியே எழுதாமல் சேர்ந்து எழுத வேண்டும். அந்த அறிக்கையின் வரைவு 21 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். எல்லையோர ஊர்க்காரர்கள் தங்கள் மாவட்டத்து வரைவோடு அடுத்த மாவட்டத்து வரைவையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் கிணறு இரண்டில் எதிலாவது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேளுங்கள்.