பாறை இருக்கு, ஆளைக் காணோம்

புதுக்கோட்டையைக் கேமராவுக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கேப்டன். 1856இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. 1857 டிசம்பரில், வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத நேரத்தில், மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து கிளம்பினார். சீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படமெடுத்தார். 1858இல் வெளிவந்த அந்தத் தொகுப்புகளில் ஒன்று நம்ம புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு உரியது.

அந்தப் படங்களின் நேர்த்தியைப் பற்றிக் கலை விமர்சகர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். ஒளி, நிழல், கல்லின் சொரசொரப்பு எல்லாம் அபாரம்தான். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த ஊர்களில் ஆட்கள் இருந்தார்களா இல்லையா? கோபுரம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, பாறை இருக்கிறது. மனுசன் தென்படுவது அபூர்வம்.

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. டிரைப் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். வெளிச்சம் பதிய வெகுநேரம் பிடிக்கும். அசையாத கல் பதியும். நடந்துபோகிறவன் பதியாமலே கரைந்துபோவான். ஆனால் எதைப் பதிய வேண்டும் என்பதைக் காகிதமா முடிவு செய்தது? அழிவதற்குள் பழஞ்சின்னங்களைப் பிடித்துவைக்க வேண்டும் என்பதே அரசின் அக்கறை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாகவே ஆக்கினார் டிரைப். கல்லின் எழுத்துக்கு அவ்வளவு பொறுமை! கல் சுமந்தவனின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் ஒரு நாழிகைகூட இல்லை.

டிரைப்பைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் போய்ச் சேர்ந்து நூறு வருசத்துக்கு மேலாகிறது. என் கேள்வி இன்றைய படங்களைப் பற்றியது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடப் பிடிக்கிற கேமரா இன்று கையில் இருக்கிறது. ஓடுகிறவனையும் பிடிக்கும், பறக்கிற கொக்கையும் பிடிக்கும். ஆனாலும் சுற்றுலாக் கையேட்டை விரித்துப் பாருங்கள், காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம் என்று அதே வெறிச்சோடிய பாறைகள்தான். தொழில்நுட்பக் காரணம் ஒழிந்துபோன பிறகும் ஆளைக் காணோம் என்றால், குறை காகிதத்தில் இல்லை, பார்வையில்தான் இருக்கிறது. அதே பாறையை இதே மாவட்டத்துக் குவாரிகளில் வெயிலில் குந்தி உடைக்கிற கைகள் உண்டே? பாறை "பாரம்பரியம்" ஆகும்போது அந்தக் கைகள் சட்டகத்துக்கு வெளியே தள்ளப்படுகின்றன. ஊருக்கு வெளியே சேரி, படத்துக்கு வெளியேயும் சேரி.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பயணப் புகைப்படம் என்றதும் உலகத்துக்கு நினைவு வருகிற பனிநாடுகளையே எடுத்துக்கொள்வோம். நார்வேயில் க்னுட் க்னுட்சன் என்பவர் 1864இல் பெர்கன் நகரத்தில் படக்கடை திறந்தார். மலையிடுக்குக் கடல்களையும் அருவிகளையும் எடுத்து, அங்கே வந்த பயணிகளுக்கு விற்றார். தூய்மையான, அமைதியான, யாருக்கும் சொந்தமில்லாத நிலம் மாதிரி ஒரு தோற்றம். அந்த வடதிசை நிலத்தில் மான்மந்தை மேய்த்து வாழ்ந்த சாமி என்ற பூர்வகுடிகளைக் கேமரா எங்கே வைத்தது? 1868இல் லோட்டன் வான் டூபன் தன் கணவரோடு ஸ்வீடனின் வடகோடிக்குப் போய்ச் சாமி மக்களின் முகங்களை எடுத்தார். கணவர் உடற்கூற்றியல் பேராசிரியர். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். அப்படிப் பார்க்கும் வழக்கம் 1922இல் உப்சாலாவில் அரசே நடத்திய இனவுயிரியல் நிறுவனம் வரைக்கும் போனது. அங்கே மண்டை அளந்தார்கள், நிர்வாணமாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

ஆக, நிலத்துக்கு ஒரு படம், ஆளுக்கு ஒரு படம். நிலம் அழகு, ஆள் மாதிரிப்பொருள். இங்கேயும் இதே இரட்டைக் கணக்குதான். டிரைப்புக்குப் பின்னால் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் வந்தார். மூக்கை அளந்தார், தலையை அளந்தார். ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் போட்டார். அவற்றில் நம் முன்னோர் படத்தில் உண்டு, பெயரில் இல்லை. சாதிப்பெயர்தான் பெயர். டிரைப்பின் பெயரிலேயே இருக்கிற அந்த லின்னேயஸ் யார்? 1735இல் செடிகொடிகளோடு மனிதரையும் நிறம் பார்த்து நாலாகப் பிரித்த ஸ்வீடன்காரர். பெயர் ஒற்றுமை தற்செயலாக இருக்கட்டும். பிரித்துப் பார்க்கிற கண் தற்செயல் இல்லை. நமக்குப் பிரித்துவைக்க வெள்ளைக்காரன் வரவேண்டியதில்லை, மனு இருந்தான். வெள்ளைக்காரன் படம் பிடித்துக் கொடுத்தான், அவ்வளவுதான்.

இப்போது மூன்றாவதாக ஒரு வகை வந்திருக்கிறது: பரிசு வாங்குகிற முகம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நகரத்திலிருந்து கேமராக்காரர்கள் வேன் பிடித்து வருகிறார்கள். எங்க தெரு அப்பாயி ஒருத்தியை வாசல்ல உக்காரவச்சு, "சிரிக்காம இருங்க பாட்டி, கையை நெத்தியில வைங்க" என்று அரைமணி நேரம் எடுத்தார்கள். படம் எங்கேயோ பரிசு வாங்கியதாகக் கேள்வி. அப்பாயி கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்கு ஒரு போட்டா குடுப்பாகளாப்பா? செத்தா மாட்டி வைக்க ஆகும்." கொடுக்கவில்லை. கீழே என்ன தலைப்பு போட்டார்கள் தெரியுமா? "வறுமை." அறுபது வருசம் நாத்து நட்ட பொம்பளைக்கு வைத்த பெயர் அது. மூக்கை அளந்தவன் பெயர் கேட்கவில்லை. சுருக்கத்தை ரசித்தவனும் கேட்கவில்லை.

கரிசனத்தோடு எடுத்தால் சரியாகிவிடுமா? டென்மார்க்கின் யாக்கோப் ஹோல்ட் 1970இல் அமெரிக்கா போய், வழிப்போக்கு வண்டிகளில் ஏறிச் சுற்றி, கறுப்பின ஏழைகளின் வீடுகளிலேயே தங்கிப் படமெடுத்தார். ரத்தத்தின் பிளாஸ்மாவை விற்று பிலிம் வாங்கினார். 1977இல் புத்தகம் வந்தது. வேனில் வந்து வேனில் போகிறவர்களோடு அவரைச் சேர்க்க முடியாது. ஆனாலும் அங்கேயும் பார்க்கிறவன் வெள்ளை, பார்க்கப்படுகிறவர் கறுப்பு. கரிசனம் தூரத்தைக் குறைக்கும், கேமராவைக் கைமாற்றாது.

கைமாறினால் என்ன ஆகும்? வேங்கைவயலைப் பாருங்கள். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அந்தத் தொட்டியின் படம் நாடெங்கும் போனது. படத்தில் என்ன இருக்கிறது? நாலு தூண், ஒரு தொட்டி, மேலே வானம். குற்றம் படத்தில் தெரியாது, நாற்றமும் வராது. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இடம்பெறாத எங்கள் மாவட்டத்தின் உண்மையான "நினைவுச்சின்னம்" அதுதான். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை போட்டது. மக்கள் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். செல்போன் படங்களும் காணொளிகளும் சான்றாகப் பேசப்பட்டன. தொட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்க ஏறியபோது எடுத்தவை அவை என்கிறது மக்கள் தரப்பு. ஊரான் நம்மைப் படமெடுத்தால் கலை. நமக்கு நடந்ததை நாமே படமெடுத்தால், அந்தப் படமே நம் பக்கம் திரும்புகிறது. இந்த வித்தியாசத்தைப் பேசாத புகைப்பட விமர்சனம் வெறும் ஒளி-நிழல் கணக்கு.

அதற்காகக் கேமராவைக் கீழே வைத்துவிட முடியுமா? முடியாது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கில் நம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். குவாரிப் பெண்களும் அதில் உண்டு. சைக்கிளில் போகிற அந்தப் பெண்களின் படத்தில் யாரும் நெற்றியில் கைவைத்து உட்காரவில்லை. ஹேண்டில்பாரில் கைவைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். 2017இல் வந்த "கக்கூஸ்" ஆவணப்படத்துக்குக் கேமரா பிடித்த மதுரை எம். பழனிக்குமார், மலக்குழியில் செத்தவர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து படமெடுக்கிறார். அங்கே ஸ்வீடனில் காட்டரினா பிராக் சிக்கு என்ற சாமிக் கலைஞர், தன் மக்களை அளந்த அந்த இனவுயிரியல் ஆவணங்களுக்குள்ளேயே நுழைந்து 2014இல் கண்காட்சி வைத்தார். மாதிரிப்பொருளாக நின்றவர்களின் பேத்தி பெட்டியைத் திறந்துவிட்டாள்.

எங்கள் ஊருக்குப் படமெடுக்க வருகிற தோழர்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். பெயரைக் கேளுங்கள். சம்மதம் கேளுங்கள். எடுத்த படத்தில் ஒரு பிரதி கொடுங்கள். தலைப்பை எங்களிடம் கேட்டுப் போடுங்கள். எங்கள் பிள்ளைகள் கையில் இருக்கிற செல்போனுக்கு இதெல்லாம் தேவையில்லை, அதற்குப் பெயர் தெரியும். அதற்கு வேண்டியது ஒன்றுதான்: பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல, பிடித்த படத்தைத் தைரியமாக வெளியே காட்ட, பக்கத்தில் நிற்கிற ஆட்கள்.