குரல் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம்

1985 பொங்கலுக்கு ‘ஒரு கைதியின் டைரி’ வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘முதல் மரியாதை’. இரண்டையும் இயக்கியவர் பாரதிராஜா. இரண்டுக்கும் இசை இளையராஜா. இரண்டிலும் மலேசியா வாசுதேவன் இருக்கிறார். முதல் படத்தில் அவர் சூர்யப்பிரகாசம் என்ற அரசியல்வாதி. தலைவரே கதியென்று கிடக்கும் தொண்டனின் மனைவி, கணவனை மீட்டுத் தரும்படி கேட்டு வரும்போது அவளைச் சீரழிப்பவன். இரண்டாவது படத்தில் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிவாஜி கணேசனின் உதட்டசைவுக்குள் இருந்துகொண்டு, வாழ்நாள் முழுக்க அன்பு கிடைக்காத ஒரு பெரியவரின் ஏக்கத்தைப் பாடுகிறார். ஏழு மாத இடைவெளியில் ஒரே மனிதரின் முகம் கயமைக்கும், குரல் கருணைக்கும் பயன்பட்டிருக்கிறது.

வாசுதேவனைப் பற்றி எழுதுகிறவர்கள் பாடகராக மட்டுமே எழுதுகிறார்கள். ‘பல படங்களில் நடித்தும் இருக்கிறார்’ என்று கடைசியில் ஒரு வரி வரும். ஆனால் மலேசியாவில் நாடக மேடை ஏறியவர் அவர். சென்னைக்கு வந்தபோது நடிப்பு ஆசையும் கூடவே வந்தது. பாடகர் பக்கவாட்டில் நடித்தார் என்பதைவிட, ஒரு நடிகர் முதலில் தொண்டையால் நடித்தார், பிறகு உடம்பாலும் நடித்தார் என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்தப் பெயரையும் கொஞ்சம் பார்க்கலாம். சீர்காழி கோவிந்தராஜன், திருச்சி லோகநாதன் என்று ஊர்ப்பெயரைச் சுமந்தவர்கள் நம்மிடம் நிறைய. இவருக்கு ஒரு நாடே முன்னொட்டு. அவர் பிறந்த 1944இல் மலேசியா என்ற நாடே இல்லை. அது மலாயா. பெற்றோர் மலையாளிகள். அப்படிப்பட்டவரின் குரலைத்தான் எண்பதுகளின் தமிழ் சினிமா மதுரைக்கும் தேனிக்கும் இடைப்பட்ட கிராமத்தான் குரலாக ஏற்றுக்கொண்டது. ‘மண்வாசனை’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். வெளியூரில் பிறந்து வளர்ந்த நமக்கு இதில் ஒரு குறும்பான சந்தோஷமும் உண்டு.

‘16 வயதினிலே’ (1977) கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்குத் தொண்டை சரியில்லாமல் போக, வாசுதேவன் உள்ளே வந்தார். இந்தத் தற்செயலைத் திரும்பத் திரும்பச் சொல்லியே அவரை ஒரு மாற்று ஆளாக ஆக்கிவிட்டோம். பாட்டைக் கேட்டால் அப்படித் தோன்றாது. சப்பாணி கோணல் நடையும் குழறல் பேச்சும் கொண்டவன். அவனுக்குப் பாடும் குரல் அழகாக இருந்தால் பாத்திரம் கெட்டுவிடும், அழகே இல்லாவிட்டால் பாட்டு கெட்டுவிடும். வாசுதேவன் சுருதி பிசகாமல் வெள்ளந்தித்தனத்தை மட்டும் குரலில் ஏற்றினார். அது நடிகரின் முடிவு.

அடுத்த ஆண்டே ‘சிகப்பு ரோஜாக்கள்’. பெண்களைக் கொல்லும் ஒருவனின் காதல் பாட்டு. எஸ்.ஜானகியுடன் அவர் பாடும் அந்த டூயட்டில் கபடத்தின் சாயலே இல்லை. அவன் யாரென்று தெரிந்த பிறகு கேட்டால் அந்த இனிமையே முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது. ‘முரட்டுக்காளை’யில் (1980) ரஜினிக்கு ஊர் நடுவே நின்று பாடும் திமிர். அதே ஆண்டு ‘சாமந்திப் பூ’ படத்துக்கு இசையமைத்தும் பார்த்தார்.

‘முதல் மரியாதை’யில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. சிவாஜி பாடினால் டி.எம்.சௌந்தரராஜன் குரல் வரவேண்டும் என்று இரண்டு தலைமுறைக் காதுகள் பழகியிருந்தன. டி.எம்.எஸ். சிவாஜியின் நடிப்பையே பாட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துவார். வாசுதேவன் அதை முயலவே இல்லை. சிவாஜி அந்தப் படத்தில் அடக்கி வாசித்தார். குரலும் அடங்கிப்போனது. எங்கிருந்தோ ஒரு பெண் குரல் பதில் சொல்லும் அந்தப் பாட்டில், அவர் வரிகளின் முடிவை நீட்டாமல் விட்டுவிடுகிறார், பேச யாருமில்லாதவர் பேச்சை நடுவில் நிறுத்துவதுபோல. அன்றைய பின்னணிப் பாடகர்களில் வேறு யாரும் இப்படி விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது சூர்யப்பிரகாசத்துக்கு வருவோம். அந்தப் பாத்திரம் பயமுறுத்துவது கண்ணை உருட்டியோ கத்தியோ அல்ல. ஊருக்குப் பெரிய மனிதர் என்ற தோரணைதான் பயமுறுத்துகிறது. அந்தத் தோரணையை நம்பித்தான் அவள் வாசற்படி ஏறுகிறாள். நம்பிக்கை தரும் குரல் என்னவெல்லாம் செய்யும் என்று பாடகருக்குத் தெரியும். வாசுதேவன் அந்த அறிவைத் தலைகீழாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

வெற்றி அவருக்கு நல்லதைச் செய்யவில்லை. அதற்குப் பிறகு வந்த வேடங்களில் பல அதே மீசை, அதே வேட்டி, அதே அதட்டல். பண்ணையார், அரசியல்வாதி, மறுபடியும் பண்ணையார். அவற்றில் பலவற்றை இன்று உட்கார்ந்து பார்க்க முடியாது. அவர் குரலில் இருந்த குழந்தைமையை, கூச்சத்தை, களைப்பை அவர் முகத்திலும் தேடிப்பார்க்க இயக்குநர்களுக்குத் தோன்றவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல். ஒரு தோற்றுப்போன அப்பாவாக, ஒரு நாதஸ்வரக்காரராக, ஒரு தோட்டத் தொழிலாளியாக, முழுப்படத்தையும் தாங்கும் ஒரு வேடம் அவருக்குக் கிடைத்திருக்கலாம். பின்னணி பாடும் முறை நடிகரின் குரலையும் உடலையும் பிரித்தே பழக்கியது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தபோதும் நம் சினிமா பிரித்தே வாங்கிக்கொண்டது.

மகன் யுகேந்திரனும் பாடகர். அவர் ‘பூவெல்லாம் உன் வாசம்’ (2001) படத்தில் நடிக்க வந்தபோது கொடுக்கப்பட்டது எதிர்மறைப் பாத்திரம். மகள் பிரசாந்தினி பாடகியாக நிலைத்தார். 2011 ஜனவரியில் வெளியான ‘ஆடுகளம்’ படத்தில் அவர் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். அதில் கூடப் பாடியவர்களில் ஒருவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம். அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்த பிப்ரவரி 20ஆம் தேதி வாசுதேவன் சென்னையில் காலமானார்.