பெட்டிக்கு முன்னால்

ஸ்மார்ட்போன் விமர்சன வீடியோக்களை நான் சிறுகதை படிக்கிற மாதிரிதான் பார்ப்பேன். மீஞ்சூரிலிருந்து சென்ட்ரல் போகிற ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தால் இதுதான் வேலை. எல்லாவற்றுக்கும் ஒரே தொடக்கம்: சீல் பிரிக்காத பெட்டி. மூடி மெதுவாக எழும்பும். பிறகு சிப், பேட்டரி, போட்டிக் கம்பெனி மாடலோடு ஒப்பீடு. போன வருஷ மாடலிலிருந்து பெரிய வித்தியாசம் இல்லை என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள், ஆனாலும் 'வாங்கலாமா?' என்ற கேள்வியைக் கடைசி நிமிடம்வரை உயிரோடு வைத்திருப்பார்கள். லேசான திறமை இல்லை இது. நானே அதில் விழுந்து இரண்டு முறை இ.எம்.ஐ. கட்டியிருக்கிறேன்.

என் சண்டை, கதை பெட்டியில் தொடங்குவதோடுதான்.

'நோக்கியா ஏன் தோற்றது' வீடியோக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் ஐபோன், அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு, சிம்பியனின் பிடிவாதம். எல்லாம் சரி. (அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரிகிற மொட்டைமாடியில், கரண்ட் இல்லாமல், 1100-இன் டார்ச்சில் படித்தவன் நான். எனக்கும் அந்தக் கம்பெனிமேல் பாசம் உண்டு.) ஆனால் 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஓடத் தொடங்கிய ஆலை அந்தக் கதையில் வராது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கே நேரடி வேலையில் இருந்தார்கள். 2014-இல் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலை அதில் சேரவில்லை. அந்த நவம்பர் 1-இல் மூடினார்கள். பிறகு சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி அதை வாங்குவதாக 2019-இல் அறிவிப்பு வந்தது. அடுத்த வருஷம் ஆப்பிள் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தபோது விமர்சகர்கள் வாரக்கணக்கில் கிண்டலடித்தார்கள். சார்ஜர் எங்கே செய்யப்படுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு போன் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். ஹாஸ்டல் வாசம். லீவில் வந்தவள் என் புதுப் போனை வாங்கி, திரையைப் பார்க்காமல் விளிம்போரமாக நகத்தை ஓட்டினாள்.

"என்னம்மா பாக்குற?"

"கேப் இருக்கான்னுண்ணா. எனக்கு அதான் வேலை."

எந்த விமர்சகரும் என் போனை அப்படித் தொட்டதில்லை. கட்டுரைக்கு முடிவு கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நீ இந்த ரிவ்யூ எல்லாம் பார்ப்பியா என்று கேட்டேன்.

"பாப்பேனே. பெட்டி பிரிக்கிறதுதான் ரொம்பப் புடிக்கும். எங்க லைனுக்குப் பெட்டி வராதுல்ல."