இரண்டு ஓட்டு, ஒரு பெட்டி

அம்பேத்கரைச் சிலையாகப் பார்த்த அளவுக்கு வேட்பாளராக நாம் பார்த்ததில்லை. கையில் அரசியல் சட்டம், நீலக் கோட்டு, நீட்டிய விரல். அந்தச் சிலைக்குக் கீழே மைக் பிடிக்கிற நம் பேச்சாளர்கள் 1950 ஜனவரியோடு கதையை முடித்துக் கொள்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து அதே மனிதர் ஓட்டுக் கேட்டு நின்றார், தோற்றார் என்பது ஒரு வரியில் போய்விடுகிறது. பலர் அந்த ஒரு வரியையும் சொல்வதில்லை. தலைவர் தோற்றார் என்று சொல்ல வாய் வருவதில்லை போலிருக்கிறது. எனக்கென்னவோ அந்தத் தோல்வியில் தொடங்கிப் பின்னோக்கிப் படித்தால்தான் அவர் ஓட்டுரிமை பற்றியும் ஆட்சிமுறை பற்றியும் எழுதியதெல்லாம் விளங்குகிறது.

1951 செப்டம்பரில் மந்திரி பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் வேட்பாளராக வடக்கு பம்பாய் நாடாளுமன்றத் தொகுதியில் நின்றார். இந்து மகாசபையோடும் ஆர்.எஸ்.எஸ்ஸோடும் கூட்டில்லை, கம்யூனிஸ்டுகளோடும் கூட்டில்லை என்று தேர்தல் அறிக்கையிலேயே எழுதிவிட்டார். கூட்டு சோசலிஸ்டுகளோடு. அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதியில் ஒரு பொது இடம், ஒரு ஒதுக்கப்பட்ட இடம். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. ஒதுக்கப்பட்ட இடத்தில் காங்கிரசின் நாராயண் சதோபா காஜ்ரோல்கர் 1,38,137 ஓட்டு வாங்கினார். அம்பேத்கருக்கு 1,23,576. பொது இடத்தில் ஜெயித்த காங்கிரஸ்காரரின் பெயர் வி.பி. காந்தி. (1932-இல் ஒரு காந்தி போதாதா என்று கேட்கத் தோன்றுகிறது.)

அப்போது சின்னத்தில் முத்திரை குத்துகிற முறை கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. கையில் தருகிற இரண்டு சீட்டையும் இரண்டு வேறு பெட்டிகளில் போட வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று செல்லாது. அந்தத் தொகுதியில் அப்படிச் செல்லாமல் போன சீட்டுகள் எழுபதாயிரத்துக்கும் மேல். தோல்வியின் வித்தியாசம் பதினைந்தாயிரத்துக்குள். அம்பேத்கரும் பொது இடத்தில் தோற்ற அசோக் மேத்தாவும் தேர்தல் மனு போட்டார்கள். டாங்கே தரப்பு இரண்டு ஓட்டையும் ஒருவருக்கே போடச் சொல்லி வேண்டுமென்றே ஓட்டை வீணாக்கியது என்பது குற்றச்சாட்டு. மனு தள்ளுபடியானது.

யார் சூழ்ச்சி செய்தார்கள் என்கிற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. நான் பார்ப்பது அந்தச் சீட்டுகளை. இரண்டு ஓட்டையும் ஒரே பெட்டியில் போடுவது சட்டப்படி தப்பு. ஆனால் ஐந்து வருடத்துக்கு முன்னால் அம்பேத்கர் கேட்டதே அதைத்தான். 1947 மார்ச்சில் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற கோரிக்கை மனுவில் தேர்தல் முறை பற்றி நான்கே வரி இருக்கிறது. பூனா ஒப்பந்த முறை ஒழிய வேண்டும், தனி வாக்காளர் தொகுதி வேண்டும், வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டு வேண்டும், ஓட்டுகளைக் குவித்துப் போடும் உரிமை வேண்டும். இந்த நான்காவதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? குவித்துப் போடுவது என்றால் கையிலிருக்கிற ஓட்டையெல்லாம் ஒரே ஆளுக்குப் போடலாம். எண்ணிக்கையில் சின்னக் கூட்டம், சிதறாமல் ஒன்றாகக் குவித்தால் தன் ஆளை மேலே ஏற்றிவிடலாம். 1937-இல் பம்பாய் மாகாணத்தில் அந்த முறை இருந்தது, அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி நின்ற இடங்களில் பெரும்பாலானவற்றை ஜெயித்தது. 1952-இல் அதே பம்பாயில் குவிப்பது செல்லாத ஓட்டானது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். தமிழில் 'தனித்தொகுதி' என்கிறோம். நாம் சொல்வது ஒதுக்கப்பட்ட தொகுதியை: நிற்பவர் நம்மாள், தேர்ந்தெடுப்பவர் எல்லோரும். அவர் கேட்டது தனி வாக்காளர் தொகுதி: நிற்பவரும் நம்மாள், தேர்ந்தெடுப்பவரும் நாம். இரண்டுக்கும் நடுவே இருப்பது மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆனால் 'தனி' என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. "நமக்குத்தான் தனித்தொகுதி இருக்கே, அப்புறம் என்ன" என்று கல்லூரி படிக்கிற பிள்ளைகளே கேட்கிறார்கள். பூனா ஒப்பந்தத்தில் பறிபோனதை, பறித்துக்கொண்டதன் பெயராலேயே நமக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது மொழி. இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்திருக்க மாட்டார்கள். ஆதிக்கம் அப்படி உட்கார்ந்து யோசிக்க வேண்டியதும் இல்லை.

அம்பேத்கர் தொடக்கத்திலிருந்தே ஒரே இடத்தில் நின்றார் என்று சொல்வதும் சரியில்லை. 1919 ஜனவரியில் சவுத்பரோ குழு முன் சாட்சி சொன்னபோது அவருக்கு வயது இருபத்தேழு. பிரதிநிதியாக இருக்கிற உரிமையும் பதவி வகிக்கிற உரிமையும் சேர்ந்ததுதான் குடியுரிமை, தீண்டப்படாதவனுக்கு இரண்டும் இல்லை, தீண்டத்தக்கவன் அவனுக்காகப் பேச முடியாது என்று வாதாடினார். 1928-இல் சைமன் குழுவிடம் வேறு மாதிரி பேசினார். எல்லோருக்கும் ஓட்டுக் கொடுங்கள், கூட்டுத் தொகுதியில் இட ஒதுக்கீடு போதும்; அதைக் கொடுக்காவிட்டால் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்றார். ஓட்டு எதற்கு என்பதற்கு அவர் அன்று கொடுத்த விளக்கத்தை இன்னும் யாரும் மிஞ்சவில்லை. சேர்ந்து வாழ்வதற்கான நிபந்தனைகளை யார் தீர்மானிப்பது என்பதுதான் ஓட்டு. பேரம் பேசச் சக்தியில்லாதவனுக்குத்தான் அது அதிகம் தேவை. படிப்பும் சொத்தும் உள்ளவனுக்கே ஓட்டு என்றிருந்த காலத்தில் சொன்னது இது.

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பில் இரட்டை வாக்குரிமை கிடைத்தது. சேரி மட்டும் போடுகிற ஓட்டு ஒன்று, ஊரோடு சேர்ந்து போடுகிற ஓட்டு ஒன்று. செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் உண்ணாவிரதம், 24 அன்று ஒப்பந்தம். இடங்கள் கூடின. மாகாணங்களில் மொத்தம் 148, அதில் சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. நம் பக்கத்திலேயே பிளவு இருந்ததை மறைக்கக் கூடாது. இரட்டைமலை சீனிவாசன் வட்டமேசையில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார், எம்.சி. ராஜா மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டுக் கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். ராஜாவைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் முடிக்கிற பழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஊருக்குள்ளே கூலிக்குப் போகிற சனங்களுக்கு ஊரைப் பகைத்து ஓட்டுப் போட முடியுமா என்ற பயம் அவருக்கு இருந்திருந்தால் அது பொய்ப் பயமில்லை. கணக்கு மட்டும் தப்பாகிவிட்டது. சேரி மட்டும் வாக்களித்த முதல் சுற்றில் முந்தியவர்கள், ஊரும் சேர்ந்து வாக்களித்த இரண்டாம் சுற்றில் தோற்றார்கள் என்பது 1946 தேர்தலுக்குப் பிறகு அம்பேத்கர் திரும்பத் திரும்ப வைத்த வாதம். அந்தப் புண்ணோடுதான் 1947 மனுவை எழுதுகிறார்.

அந்த மனுவை ஓர் இலக்கியப் பிரதியாக வாசியுங்கள் என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். உட்பிரிவு, ஷரத்து என்று போகிற எழுத்துதான். ஆனால் ஒவ்வொரு ஷரத்துக்குப் பின்னாலும் ஒரு சம்பவம் நிற்கிறது. சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்குகிற பகுதியைப் பாருங்கள். வீடு வாடகைக்குத் தரமாட்டேன், வேலை தரமாட்டேன், கொடுக்கல் வாங்கல் கிடையாது என்பதையெல்லாம் எண்ணி எண்ணி எழுதுகிறார். கடையில் உப்புக்கூடக் கிடைக்காமல் கிடந்த சேரியைப் பார்க்காதவன் அதை எழுதியிருக்க முடியாது.

ஆட்சிமுறைக்கு அவர் சொன்ன மாற்றம் இன்னும் துணிச்சலானது. மற்ற நாட்டில் பெரும்பான்மை என்பது அரசியல் பெரும்பான்மை; இன்று உண்டாகும், நாளை கலையும். இங்கே அது பிறப்பால் வருகிற பெரும்பான்மை, கலையவே கலையாது. அதனால் ஜெயித்த கட்சியின் தலைவர் தன் இஷ்டத்துக்கு மந்திரிகளைப் பொறுக்குகிற முறை வேண்டாம் என்கிறார். பிரதமரைச் சபை முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும். சிறுபான்மையினரின் மந்திரிகளை அந்தந்தச் சிறுபான்மை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கட்டும். பெரும்பான்மையினரின் மந்திரிகளை யார் தேர்ந்தெடுப்பது? சபை முழுவதும், அதாவது சிறுபான்மையினரும் சேர்ந்து! இந்த இடத்தை முதல் தடவை படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். நம் மந்திரியை நாம் தேர்ந்தெடுப்போம், உங்கள் மந்திரியைத் தேர்ந்தெடுப்பதிலும் எங்களுக்குப் பங்கு உண்டு. இதுவரை ஊர் நமக்குச் செய்ததை அப்படியே திருப்பிப் போட்ட ஷரத்து. ஒவ்வொரு மந்திரிசபையிலும் ஆதிதிராவிடர் நலத்துறையை நம்மாளுக்கு ஒதுக்கிவிட்டுப் பெருமை பேசுகிற கட்சிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இவற்றில் எதுவும் அரசியல் சட்டத்தில் வரவில்லை, அவரே வரைவுக் குழுத் தலைவராக இருந்தும். 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாண உறுப்பினர் எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒதுக்கப்பட்ட இடத்தில் ஜெயிக்கிறவர் பட்டியல் சாதி ஓட்டுகளில் நூற்றுக்கு 35 ஆவது வாங்கியிருக்க வேண்டும் என்பது திருத்தம். எவ்வளவு சின்னக் கோரிக்கை! அதுவும் படேலின் எதிர்ப்புக்கு முன்னால் திரும்பப் பெறப்பட்டது. அது நிறைவேறியிருந்தால் நம் பெயரில் சட்டசபைக்குப் போகிறவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது சேரித் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்லியிருப்பார்.

மனுவின் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு என்று நினைக்க வேண்டாம். நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளட்டும், தீண்டப்படாதவர்களுக்குத் தனிக் குடியிருப்புகளை அரசு அமைக்கட்டும் என்கிறார். கிராமத்தின் மேல் அவருக்கிருந்த வெறுப்பு நியாயமானது. ஆனால் அரசின் மேல் வைத்த நம்பிக்கை? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் நுழைந்து வீடுகளை நொறுக்கியது ஊர்க்காரர்கள் அல்ல, போலீஸ். அந்த அரசும் அதே பிறப்புப் பெரும்பான்மையின் கையில்தான் இருக்கும் என்பது மந்திரிசபை பற்றி எழுதும்போது அவருக்குத் தெரிகிறது, நிலம் பற்றி எழுதும்போது மறந்துபோகிறது. இன்னொன்று, தீண்டப்படாத பெண்ணுக்கென்று ஓர் இடத்தை அந்த மனுவில் நான் தேடிப் பார்த்தேன், காணவில்லை. இந்து சட்டத் தொகுப்புக்காகப் பதவியையே விட்டவர் எழுதிய மனு என்பதால்தான் இதைக் கேட்கிறேன்.

என் ஆயாவை நினைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். எங்கள் பக்கம் ஓட்டுச்சாவடி ஊர்ப் பள்ளிக்கூடத்தில். 80-களில் ஒரு தேர்தல். சேரிப் பொம்பளைங்க ஊர்த்தெரு வழியாகத்தான் போகணும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆயா போனது. விரலில் மை வைத்தார்கள். "போட்டாச்சு, போ" என்று அனுப்பிவிட்டார்கள். சீட்டே கையில் தரவில்லை. ஓட்டுப் போடுவது என்றால் மை வைத்துக்கொள்வதுதான் என்று ஆயா வெகுநாள் நினைத்திருந்தது. நான் படித்துவிட்டு வந்து விளக்கினபோது கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எம் பேர்ல எவன்டா போட்டான்?" என்று கேட்டது.

இரட்டை உறுப்பினர் தொகுதிக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1957-இல் ஆந்திராவின் பார்வதிபுரம் தொகுதியில் வி.வி. கிரி பொது இடத்துக்கு நின்றார். ஓட்டு எண்ணினால் முதல் இரண்டு இடமும் பழங்குடி வேட்பாளர்களுக்கு. ஒருவர் ஒதுக்கப்பட்ட இடத்துக்கும் மற்றவர் பொது இடத்துக்கும் தேர்வானதாக அறிவித்தார்கள். கிரி வழக்குப் போட்டார். 1959-இல் உச்ச நீதிமன்றம், பழங்குடியினரும் பொது இடத்துக்குப் போட்டியிட உரிமை உள்ளவர்களே என்று அவர் வாதத்தை ஏற்க மறுத்தது. 1961-இல் இரட்டை உறுப்பினர் தொகுதி முறையையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். தொகுதி ரொம்பப் பெரிசு, சமாளிக்க முடியவில்லை என்றார்கள். இருக்கலாம். நான் வருடங்களைச் சொன்னேன், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் முன்பே அவர் இன்னொரு தோல்வியும் பார்த்துவிட்டார், 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலில். 1955 ஆகஸ்டில் அவருடைய கூட்டமைப்பின் செயற்குழு, சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் இருக்கிற ஒதுக்கீட்டு இடங்களை ஒழித்துவிடுங்கள் என்று தீர்மானம் போட்டது. இந்தத் தீர்மானத்தை நம் எதிரிகள் பிடித்துக்கொண்டு "அம்பேத்கரே வேண்டாம் என்றார்" என்கிறார்கள். நம்மவர்கள் சங்கடப்பட்டு ஒளித்துவைக்கிறார்கள். 1952 பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பத்து வருடம் என்று தொடங்கிய அந்த ஒதுக்கீடு பத்துப் பத்து வருடமாக நீண்டு இப்போது 2030 ஜனவரி வரை போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நீட்டிப்பு சச்சரவில்லாமல் நிறைவேறுவது ஏன் என்று யோசிக்கலாம். வேலை ஒதுக்கீட்டுக்குத் தெருவில் இறங்கிக் கத்துகிறவர்கள் இதற்கு வாய் திறப்பதே இல்லை.

பஞ்சாயத்தில் மட்டும் அவர்களால் அப்படிச் சும்மா இருக்க முடியவில்லை. அங்கே நாற்காலி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்தானது. தலைவரான முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் கத்தி தேவைப்படவில்லை. நிற்கவே விடவில்லை. நிறுத்தினால் ஊரே ஆளைப் பிடித்து நிறுத்தியது, ஜெயிக்கவைத்தது, உடனே ராஜினாமாக் கடிதம் வாங்கியது. 2006 வரை பத்து வருடம் இப்படியே போனது. கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அந்த ஆட்களைத் திட்டி எழுதிய கட்டுரைகள் நிறைய உண்டு. அவர்களுடைய ஓட்டு எந்தெந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்த கட்டுரை ஒன்றையும் நான் படித்ததில்லை.

எங்கள் பஞ்சாயத்தும் ஒருமுறை நமக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்தவர் எங்களுக்குச் சொந்தக்காரர்தான். சேரியில் நாலு பேரும் நின்றதில் அவர் வாங்கியது நாலாவது இடம். ரிசல்ட்டு வந்த சாயங்காலம் மாலையோடு ஊர்ப் பக்கம்தான் முதலில் போனார். சேரிக்கு வரும்போது இருட்டிவிட்டது. ஆயா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது, எழுந்திருக்கவில்லை.